காக்கை வராத கல்

இலை மடித்திருந்தது.

புரட்டாசி அமாவாசைப் படையலில் காக்கைக்கென்று எடுத்து வைத்த இலை அது. மத்தியானம் மாமியார் சொக்கம்மாள் தன் கையாலேயே சோறு, வடை, வாழைக்காய்ப் பொரியல், பாயசம் எல்லாம் பரிமாறி, தோட்டத்துக் கோடியில் இருந்த மோட்டார் அறையின் சுவரை ஒட்டிக் கிடந்த கருங்கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போன திவ்யா அதைப் பார்த்தாள். காக்கை கொத்திய இலை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கிழிந்திருக்கும், பருக்கை சிதறியிருக்கும், பாதி இலை காற்றில் எங்கேயோ போயிருக்கும். இதில் ஒரு பருக்கை இல்லை. விரலால் வழித்ததுபோல் சுத்தம். பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள் மடிப்பதுபோல் நடு நரம்போடு மடித்து, பறந்துவிடாமல் இருக்க மேலே ஓர் ஓட்டுச் சில்லு வைத்திருந்தது.

சில்லு கூரையிலிருந்து விழுந்திருக்கும். இலை வெயிலில் வாடியிருக்கும். திவ்யா ஒவ்வொன்றாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். எந்த விஷயத்தையும் இப்படிப் பிரித்து அடுக்கிப் பார்ப்பது அவள் பழக்கம். அடுக்கி முடித்த பிறகு, அடுக்கியது சரிதானா என்று சந்தேகப்படுவதும் பழக்கம். வாடிய இலை சுருளும். மடியாது. அதற்கு மேல் அவள் போகவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இன்னும் தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட மங்கவில்லை. வந்த வீட்டில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது பிடிபட நாளாகும்.

இருந்தாலும் சொன்னாள். சொக்கம்மாள் பூ கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"காக்காவுக்கு வெச்சத திரும்பிப் பாக்கக் கூடாதும்மா. நம்ம வூட்டு வழக்கம் அது. பெரியவங்க சாப்புடச்சொல்ல நம்ம பாத்துக்கினு நின்னா அவங்களுக்கு எறங்குமா?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் திவ்யாவுக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

வீடு மானாம்பதிக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக் கால்வாயை ஒட்டி இருந்தது. முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் நெல் வயல். பழைய கிணறு தூர்ந்துபோய், வேறு பக்கம் போர் போட்டு மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, மோட்டார் அறை சும்மாவே கிடந்தது. அதன் கதவு வயல் பக்கம் பார்த்திருந்தது. தோட்டத்துப் பக்கச் சுவரில், கருங்கல்லுக்கு நேர் மேலே, காற்றுக்காக விட்ட ஒரு துவாரம் மட்டும். ஒரு கை நுழையும் அளவு.

கூடத்தில் கன்னியப்பன் தாத்தாவின் படம் மாட்டியிருந்தது. திவ்யாவின் கணவன் கலைச்செல்வனுக்கு அப்பா வழித் தாத்தா. போன வருஷத்துக்கு முந்தைய மழையில் காணாமல் போனவர். பிறகு உத்திரமேரூர் ஏரியில் மதகுப் பக்கம் ஒதுங்கினார். மீன் தின்ற முகம். இடுப்பில் இருந்த பச்சை பெல்ட்டைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னார்களாம். பொண்ணு பார்க்க வந்தபோதே இதைச் சொல்லியிருந்தார்கள். மாமனார் வேதகிரி தினமும் காலையில் அந்தப் படத்துக்குப் பூ வைத்து, கைகட்டி நின்றுவிட்டுத்தான் காபி குடிப்பார். அதிர்ந்து பேசாத மனிதர். தோட்டத்துக்கு மட்டும் போகமாட்டார். சாப்பிட உட்கார்ந்தாலும் பின்கதவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

சொக்கம்மாள் அமாவாசைக்கு மட்டுமல்ல, தினமுமே மத்தியானம் ஒரு கைப்பிடி சோற்றைக் கல்லில் வைத்துவிட்டு வந்துதான் மற்றவர்களுக்குப் பரிமாறுவாள். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீட்டு ஜெயம்மாள் இதை வைத்துக் கேலி பேசுவாள்.

"உங்க அத்த வெக்கிற சோத்துக்கு அந்தக் காக்கா இந்நேரம் பறக்க முடியாம நடந்துதான் போவணும்" என்று ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "ஆனா உங்க தோட்டத்துல ஒரு காக்கா நான் பாத்ததில்ல. நீ பாத்துகீறியா?" என்றாள்.

கேட்ட பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி, பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதிலிருந்து திவ்யா கவனித்தாள். ஜெயம்மாள் வீட்டு ஓட்டின் மேல் காக்கை உண்டு. புளிய மரத்தில் உண்டு. கேபிள் கம்பியில் வரிசையாக உண்டு. கருங்கல்லின் மேல் இல்லை. சோறு மட்டும் தினமும் தீர்ந்திருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வயலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம் பகலிலும் இரவிலும் சுவருக்குப் பின்னாலிருந்து யாரோ ஓயாமல் முணுமுணுப்பதுபோல் கேட்டுக்கொண்டிருக்க, நனைந்த வைக்கோலின் புளித்த வாடையும் ஈரச் சுண்ணாம்பின் வாடையும் வீடு முழுக்க ஏறியது. அந்த வாடைகளுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. காற்று தோட்டத்திலிருந்து அடிக்கும்போது மட்டும் வரும். துவைக்காத துணி, தேய்க்காத தலை, காய்ந்து மறுபடி நனைந்த மூத்திரம். முதலில் எலி செத்திருக்கும் என்று நினைத்தாள். எலி நாற்றம் சில நாளில் போய்விடும். இது போகவில்லை.

ஒரு மாலை, மழை விட்டிருந்த நேரத்தில், இருமல் கேட்டது.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சொக்கம்மாள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். வேதகிரி தலையைத் தூக்கவில்லை. இருமல் நின்றதும் சத்தம் பழையபடி குறைந்தது. திவ்யா கையில் பிசைந்திருந்த சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தாள். மாடாக இருக்கும். மாடும் இருமும். இந்த வீட்டில் மாடு இல்லை.

மறுநாள் வரப்பு வழியாகச் சுற்றிப் போய் அந்தக் கதவைப் பார்த்தாள். கதவின் அடிப்பலகை உளுத்துப்போயிருந்தது. பூட்டு மட்டும் புதுசு. எண்ணெய் போட்டுப் பளபளத்தது. திரும்பியபோது கிணற்று மேட்டில் சொக்கம்மாள் நின்றிருந்தாள்.

"அங்க போவாத திவ்யா. உள்ள பாம்பு கீது. சாரை. ஜோடியா கீது."

பாம்புக்கு எதற்குப் பூட்டு என்று திவ்யா கேட்கவில்லை.

வாரத்தில் சில மாலைகள் அவள் உத்திரமேரூருக்கு பஸ்ஸில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். படுக்கையில் கிடக்கும் முதியவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வேலைக்கான பயிற்சி. வெளியூரிலிருந்து வந்து நடத்தியவர் ஹேமாவதி டீச்சர். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று அவர் பாடத்தை விட்டு விலகி, வயதானவர்களை வீட்டிலேயே கொடுமை செய்வது பற்றிப் பேசினார். அடித்தால்தான் கொடுமை என்று நினைக்காதீர்கள் என்றார். சோறு குறைவதும் கொடுமை. தண்ணீர் எட்டாத இடத்தில் இருப்பதும் கொடுமை. அவர்கள் பெயரை வீட்டில் யாரும் சொல்லாமலே போவதும் கொடுமை. தழும்பைத் தேடுவதற்கு முன்னால், அந்த வீட்டில் யாரைத் தனியாகப் பேசவிடமாட்டேன் என்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் செய்கிறவர்கள் ராட்சசர்களாக இருக்கமாட்டார்கள்.

"சந்தேகம் வந்துச்சுன்னா உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. என்னைக் கூப்பிடுங்க. வீட்டு ஆளுங்ககிட்ட மட்டும் முதல்ல சொல்லிடாதீங்க. சொன்னா அந்த ஆள் எங்க போவாருன்னே தெரியாது."

திவ்யா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.  தன் வீட்டில் அப்படி யாருமே இல்லையே என்று நினைத்தாள். யாரும் இல்லாத அறையைப் பற்றி யாரிடம் என்னவென்று சொல்வது.

கார்த்திகை அமாவாசைக்கு முதல் நாள், வாலாஜாபாத்தில் ஒரு காதுகுத்துக்காக சொக்கம்மாளும் வேதகிரியும் காலையிலேயே கிளம்பினார்கள். கலைச்செல்வன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போயிருந்தான். போகும்போது சொக்கம்மாள் பூட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. காக்கைச் சோற்றை மட்டும் நினைவுபடுத்தினாள். வைத்துவிட்டு வந்துவிடு, நிற்காதே என்றாள்.

மத்தியானம் திவ்யா சோற்றைக் கொண்டுபோனாள். ஒரு கைப்பிடி இல்லை. இலை நிறைய. ஏன் அப்படிப் போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கல்லில் வைத்தாள். திரும்பினாள். சில அடி நடந்து, கருவேப்பிலைச் செடிக்குப் பின்னால் நின்றாள். மேகம் இறங்கிப் பொழுது மங்கியிருந்தது. இலையிலிருந்து ஆவி எழுந்து துவாரத்துக்குள் போவதை அவள் பார்த்தாள். எங்கேயோ ஒரு தவளை கத்தி ஓய்ந்தது. கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது.

துவாரத்திலிருந்து ஒரு கை வந்தது.

முதலில் விரல்கள். நகம் வளர்ந்து வளைந்து, மஞ்சளாக. பிறகு மணிக்கட்டு, எலும்பின் மேல் ஈரத்துணி ஒட்டியதுபோல் தோல். அது கல்லைத் தடவியது. இலையின் ஓரத்தைத் தொட்டது. சோற்றின் சூட்டில் ஒரு கணம் பின்வாங்கி, மறுபடி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உள்ளே கொண்டுபோனது. அவசரம் இல்லை. மென்று விழுங்கும் சத்தம். பாதியில் கை நின்றது. சோற்றின் அளவை விரல்கள் தடவிப் பார்த்தன.

"இன்னைக்கே அமாவாசையா?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

ஓடிவிட வேண்டும் என்று உடம்பு சொன்னது. 

"இல்லீங்க. நாளைக்கு" என்றாள்.

"சொக்கம்மா கொரல் இல்லயே. யாரும்மா?"

"திவ்யா. கலையோட சம்சாரம்."

கை இலையை விட்டது.

"மேளம் கேட்டுச்சு. யாரு வூட்டுக் கல்யாணம்னு தெரியல. நம்ம கலைக்குதானா." கை துவாரத்திலிருந்து நீண்டு, அவள் இருக்கும் திசையில் காற்றில் விரிந்தது. ஆசீர்வாதம் செய்யும் கை. "நல்லா இரும்மா."

திவ்யா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, துவாரத்தில் நீண்ட உள்ளங்கையில் ஊற்றினாள். அவர் குடித்த சத்தம் அவளால் கேட்கச் சகிக்கவில்லை. இன்னொரு சொம்பு. இன்னொன்று. மழைத் தண்ணீர் சுவரில் ஒழுகும்போது நக்கிக்கொள்வதாகச் சொன்னார், வெயில் காலம்தான் கஷ்டம் என்றார். குறை சொல்கிற குரல் இல்லை அது.

"உங்கள யார் தாத்தா உள்ள போட்டாங்க?"

"யாரும் போடலம்மா. நான் செத்துட்டேன் இல்ல."

பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல் சொன்னார்.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொன்னதை அவள் கோத்துக்கொண்டாள். அந்த மழைக்காலத்தில் தலை குழம்பி, கால் போன போக்கில் போய், திருத்தணியில் ஒரு மடத்தில் கிடந்திருக்கிறார். வீட்டு நினைவு வந்து திரும்பிய அன்று வாசலில் பந்தல் போட்டிருந்தது. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்குக் காரியம்னு கேட்டேன். ஒர்த்தரும் வாயத் தொறக்கல. வேதகிரி மொட்ட போட்டுக்கினு நின்னான். என்னப் பாத்து அழுதான் பாவம்."

ஏரியில் ஒதுங்கியது வேறு யாரோ. அந்த யாருக்கோ கொள்ளி வைத்து, பிண்டம் கரைத்து, பதினாறாம் நாளும் முடிந்துவிட்டது. உறவில் பெரியவர்கள் அன்றே கூடிப் பேசினார்கள். காரியம் ஆனவர் வாசற்படி மிதித்தால் கொள்ளி வைத்த பிள்ளைக்கு ஆகாது என்றார்கள். கொஞ்ச நாள் பின்னால் இருக்கட்டும், பரிகாரம் கேட்போம் என்றார்கள். அதற்குள் இறப்புச் சான்றிதழும் வந்தது. பட்டாவும் மாறியது. பிறகு யாரும் பரிகாரம் கேட்கவில்லை.

"கதவத் தொறக்கறேன் தாத்தா. வந்துடுங்க."

"வேணாம்." முதல் தடவையாக அந்தக் குரலில் பயம். "நான் வந்தா என் புள்ளைக்கு ஆவாது. வேளைக்கு சோறு வெக்கறாங்க. நீ போம்மா. பாத்தியானா உனக்கும் ஆவாது."

கை இலையைத் தேடி எடுத்து, நடு நரம்போடு மடித்து வைத்தது.

அப்போதே அவள் டீச்சரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். போன் கையில்தான் இருந்தது. எண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். போலீஸ் வரும். மாமனாரை ஜீப்பில் ஏற்றுவார்கள். ஊரே வாசலில் நிற்கும். வந்து நாலு மாதம் ஆகாத மருமகள் குடும்பத்தைக் கூண்டில் ஏற்றினாள் என்பார்கள். அதைவிட, அவருக்கே வெளியே வர விருப்பம் இல்லையே. தான் புரிந்துகொண்டது தப்பாக இருந்தால்? கலைக்கு இது தெரியாமல் இருந்தால்? தெரிந்தால் அவனே கதவை உடைப்பானே. அவன் தாத்தா. அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

பொழுது சாயும் நேரத்தில் அவன் வந்தான். அவள் சொன்னாள். அவன் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தான், பிட்டது தட்டிலேயே இருந்தது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு இல்ல." அவன் அவளைப் பார்க்கவில்லை. "நான் அந்தப் பக்கம் போனதே இல்ல, திவ்யா."

பிறகு அழுதான். நிஜமாகவே அழுதான். தோள் குலுங்கியது. நான் அப்பாகிட்ட பேசறேன், எனக்கு விட்டுடு, வெளியில போனா நம்ம மானம் போயிடும் என்றான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். காதுகுத்திலிருந்து பெரியவர்கள் திரும்பியதும் மூன்று பேரும் வேப்பமரத்தடியில் நின்று பேசினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சொக்கம்மாள் உள்ளே வந்து, திவ்யாவின் கன்னத்தைத் தொட்டு, "நீ நல்ல பொண்ணும்மா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தத் தொடுதல்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

விடிந்ததும் கொல்லையில் நின்று ஹேமாவதி டீச்சரைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் ஒழுங்காக, வரிசையாகச் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வீட்டுல யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"அவர்கிட்ட மட்டும்."

 டீச்சர் வேகமாகப் பேசினார். உதவி எண்ணுக்கும் போலீசுக்கும் நான் சொல்கிறேன், ஆட்களோடு இன்றைக்கே வருகிறேன், அதுவரை அந்த அறை உன் கண்ணை விட்டுப் போகக் கூடாது, யாரோடும் சண்டை போடாதே என்றார்.

திவ்யா தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மத்தியானம் படையல் நடந்தது. கல்லில் இலை வைத்தார்கள். கை வந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. பொழுது இறங்க ஆரம்பித்தபோது டீச்சர் கூப்பிட்டார். உத்திரமேரூருக்கு வந்துவிட்டோம், ஸ்டேஷனில் ஆள் வருவதற்காகக் காத்திருக்கிறோம் என்றார். அதே நேரம் சொக்கம்மாள் பையோடு வந்து நின்றாள்.

"கடைத்தெருவுல நம்ம மளிகைக் கடையில சாமான் கட்டி வெச்சிக்கிறாங்க. கலை போன்ல சொல்லிட்டான். எடுத்துக்கினு வந்துடும்மா. சாயந்தரம் பூஜைக்கு வோணும்."

கடைத்தெரு உத்திரமேரூரில். டீச்சரும் உத்திரமேரூரில். நேராகப் போய் அவர்களைக் கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று திவ்யா கணக்குப் போட்டாள். நல்ல கணக்கு. தன் மேலேயே அவளுக்கு நம்பிக்கை வந்த ஒரே கணம் அது.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில்தான் கடை. கடைக்காரர் பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். பெரிய பொட்டலம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வயசானவங்களாம்மா?"

"என்ன?"

"தவறினவங்க."

அவள் பொட்டலத்தின் தாளைக் கிழித்தாள். நல்லெண்ணெய். சீயக்காய். சாம்பிராணி. பஞ்சு. கோடி வேட்டி ஒன்று, மடிப்புக் கலையாமல்.

அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். சாமான் போகாவிட்டால் நடக்காது. பொட்டலம் இங்கேயே இருக்கட்டும். நடக்காது. ஆட்டோவில் ஏறி டீச்சரைக் கூப்பிட்டாள். ஜீப் கிளம்பிவிட்டது, பின்னாலேயே வருகிறோம் என்றார். சாலையில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. இரண்டு பக்கமும் வயல் இருட்டிக்கொண்டு வந்தது. சீக்கிரம் அண்ணா. சீக்கிரம்.

வீட்டில் விளக்கு இல்லை.

கூடத்தில் யாரும் இல்லை. சமையலறையில் யாரும் இல்லை. தோட்டம். கல். துவாரம். உள்ளே வெளிச்சம்.

வரப்பில் ஓடினாள். சேற்றில் செருப்பு போனது. கதவு திறந்திருந்தது. வாசலில் வரிசையாகச் செருப்புகள். அவள் வீட்டுச் செருப்புகள் மட்டுமில்லை. ஜெயம்மாளின் நீலச் செருப்பும் இருந்தது.

உள்ளே ஈரமான தரை. சீயக்காய் வாசனை. சாமான் வேறு எங்கிருந்தோ வந்திருந்தது. தலைமாட்டில் விளக்கு.

பலகையில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி, நகம் வெட்டி, நெற்றியில் விபூதி பூசி, வெள்ளை வேட்டி சுற்றி. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது. கை கட்டைவிரல்களையும். கண் திறந்திருந்தது.

சிமிட்டியது.

சுற்றிலும் உறவுக்காரர்கள். எல்லோரும் அழுதார்கள். உண்மையான அழுகை. வேதகிரி குனிந்து, ஈர அரிசியைக் கைநிறைய அள்ளி, அப்பாவின் வாயில் போட்டுவிட்டு நகர்ந்தார். அடுத்து சொக்கம்மாள். அடுத்து ஒரு பெரியவர். ஜெயம்மாள். சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

கலைச்செல்வன் அவளைப் பார்த்தான். முகம் வீங்கியிருந்தது.

"போன வாட்டி ஆளு மாறிப்போச்சு திவ்யா. இந்த வாட்டி தப்பு இல்லாம பண்றோம். தாத்தாவே சரின்னுட்டாரு."

சொக்கம்மாள் அவள் கையை விரித்து அரிசியை வைத்தாள்.

"பேரன் பொண்டாட்டி. நீயும் போடணும்மா."

வாய் நிறைந்திருந்தது. உதட்டுக்கு மேல் குவிந்திருந்தது. அந்தக் குவியல் மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது.

திவ்யா கையை உதறினாள். பலகைக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். விரல்களை அவர் வாய்க்குள் விட்டு அரிசியை வழித்தாள். வழித்துத் தரையில் போட்டாள். மறுபடி விரலை விட்டாள். உள்ளே இன்னும் இருந்தது. தொண்டை வரை இருந்தது. அவள் கத்தினாள். தூக்குங்க, யாராவது தலையைத் தூக்குங்க. சாலைப் பக்கம் ஜீப் சத்தம் இன்னும் இல்லை. யாரும் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. அழுதுகொண்டே, மரியாதையாக, ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். குனிந்தார்கள். அவள் எடுக்க எடுக்க, அவள் விரல்களின் மேலேயே போட்டார்கள்.